நான் போட்ட எண்பத்தாறு கையெழுத்து

ஆயிரம் பேர் சேர்ந்துவிட்டால் கம்ப்யூட்டரே மனுவைத் தூக்கிக்கொண்டு போய் மாநகராட்சி கமிஷனர் மேஜையில் வைத்துவிடும் என்று நான் நம்பினேன். சிரிக்காதீர்கள். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, அந்தச் சமயத்தில் என்னை மாதிரி ஆட்கள் கம்ப்யூட்டரைப் பற்றி இதைவிடப் பெரிய விஷயங்களையெல்லாம் நம்பிக்கொண்டிருந்தோம்.

அப்போது மதுரை காளவாசலிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். ஒரு மாதமாக எங்கள் தெருக் குழாயில் குடிதண்ணீரோடு சாக்கடையும் சேர்ந்து வந்தது. மூன்று குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை. சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் சொன்னோம். பார்க்கிறோம் என்றார்கள், வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள்.

பக்கத்துக் கடையில் பிரவுசிங் சென்டர் நடத்தியவன் என்னை மாமா என்பான், நான் அவனை மாப்ள என்பேன். அவன்தான் வழி சொன்னான். இணையத்தில் மனு எழுதி வைத்தால் போதுமாம். படிக்கிறவர்கள் பெயரையும் மெயில் முகவரியையும் தட்டினால் அதுவே கையெழுத்தாம். எழுதினோம். நாலு நாளில் விழுந்தது பதினொன்று. பெங்களூரில் வேலை பார்த்த என் தங்கை மகனும் அவன் அறையில் இருந்தவர்களும் எட்டுப் பேர். கனடாக்காரர் ஒருவர்; காளவாசல் எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்காது, திமிங்கிலங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று அடியில் எழுதியிருந்தார். மீதி இரண்டு, நானும் மாப்ளையும். தெருவில் வேறு யாரிடமும் மெயில் முகவரியே கிடையாது.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. அது வேலை செய்த நாட்களில் எல்லாம் யாருக்காவது கஷ்டம் வந்திருக்கிறது. மை பரவி, கோணலாக விழுந்து வீணான தாள்களை நான் ஒரு அட்டைப்பெட்டியில் சேர்த்து வைப்பது வழக்கம். தெரு முழுக்க ரேஷன் கார்டு நகல் எடுப்பது என்னிடம்தான். பெட்டியைக் கவிழ்த்தேன். நான் பெயர்களை வாசிக்க வாசிக்க மாப்ள தட்டினான், ஆளுக்கொரு மெயில் முகவரியும் கற்பனை செய்தான். எண்பத்தாறு பெயர். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் மட்டும் மாட்டேன் என்றா சொல்லப்போகிறார்கள்? நடுவில் ஒரு பெயருக்கு மாப்ள நின்று, "இது யாரு மாமா, நம்ம தெருவுல?" என்று கேட்டான். யாராவது இருப்பார்கள், போடு என்றேன்.

ஆயிரம் சேரும்வரை பொறுமை இல்லை. தொண்ணூற்றேழையும் அச்செடுத்து, நூல் கோர்த்து, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். வியாழக்கிழமை கடைக்குப் போன் வந்தது. வெள்ளி காலை பத்து மணிக்கு என்ஜினியர் வருகிறார், பெயர் கொடுத்தவர்களை நேரில் விசாரிப்பார். போனை வைத்தபோது நான் நாலு அங்குலம் உயர்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலம் டேங்க் அக்கா ரேஷன் கார்டு நகல் எடுக்க வந்தார். என்னைவிட இளையவர், ஆனாலும் தெருவுக்கே அக்கா. தண்ணீர்த் தொட்டி ஆபீசில் தற்காலிக வேலையில் இருந்த கணவர் இறந்த பிறகு, அதே ஆபீசைக் கூட்டிப் பெருக்கும் வேலை இவருக்குக் கிடைத்திருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பு. வேறு வருமானம் கிடையாது. காமாலை வந்த மூன்று பேரில் அவர் மகளும் ஒருத்தி.

"நீட்டிப்புக்கு நாளைக்குள்ள தாள் குடுக்கணும்ணே. எங்க என்ஜினியரு கையெழுத்துப் போடணும். அவரே கடுப்புல இருக்காரு. எவனோ அவரு மேல எம்புட்டோ பேர சேத்து மனு போட்டுருக்கானாம்."

வெளிச்சம் ஓடி முடிந்து தாள் வெளியே வந்தது. சூடாக இருந்த அந்தத் தாளில் குடும்பத் தலைவர் பெயரைப் பார்த்தேன். மாப்ள யார் என்று கேட்ட பெயர். டேங்க் அக்காவுக்கு ஒரு பெயர் இருக்கும் என்பதே எனக்கு அன்றுவரை தோன்றியதில்லை.

அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், நகல் தெளிவாக விழவில்லை என்று இன்னொன்று எடுத்தேன். அதுவும் சரியில்லை என்று மூன்றாவது எடுத்தேன். மெஷினைவிட நான் சூடாக இருந்தேன். அவர் போனதும் பக்கத்துக் கடைக்கு ஓடி, பெயரை எடுடா என்றேன். எடுக்க வழியில்லை. இணையதளத்துக்கு மெயில் அனுப்பினோம். உங்கள் ஆதரவுக்கு நன்றி என்று உடனே பதில் வந்தது. மாட்டுத்தாவணிக்குப் போய் முதலில் கிளம்பும் பஸ்ஸில் ஏறிவிடலாமா என்று நான் யோசித்தது உண்மை. எந்த ஊருக்கு என்று மாப்ள கேட்டான். அது பஸ்ஸுக்குத் தெரியும் என்றேன்.

விடிந்ததும் சொல்லிவிடுவது என்று அவர் வீட்டுக்குப் போனேன். பூட்டு. ஆபீசைத் திறக்க ஆறு மணிக்கே போயிருந்தார்.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. என்ஜினியர் இறங்கினார். பின்னாலேயே டேங்க் அக்காவும் இறங்கினார். தெருக்காரர் என்பதால் வீடுகளை அடையாளம் காட்ட அவரையே கூட்டி வந்திருந்தார்கள். நான் வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்குள் ஒதுங்கினேன்.

என்ஜினியர் பட்டியலை வாசிக்க ஆரம்பித்தார். தெருக்காரர்களில் முதல் பெயருக்கு உரியவர் இரண்டரை வயதில் விரல் சூப்பிக்கொண்டு வந்து நின்றார். அடுத்த பெயருக்குக் கதவைத் திறந்த அம்மா, "அவரா? அவரு போயி மூணு வருசமாச்சே. கையெழுத்துப் போட எப்ப வந்தாரு? வந்தவரு வீட்டுக்கு வராமலா போனாரு?" என்று கோபமாகக் கேட்டார். கூட்டம் சிரித்தது. என்ஜினியர் சிரிக்கவில்லை. அடுத்து ஒவ்வொருவராக, எனக்குத் தெரியாது சார், நான் போடவில்லை சார் என்றார்கள். பதினேழாவதாக அந்தப் பெயரை வாசித்தார். தெருவில் யாருக்கும் அது யார் என்று தெரியவில்லை. என்ஜினியர் டேங்க் அக்காவைப் பார்த்தபடி மறுபடியும் வாசித்தார்.

டேங்க் அக்கா தலையைத் திருப்பி, கூட்டத்துக்குள் சரியாக என்னைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் நான்தான் சார் போட்டேன்" என்றேன். யாரையும் கேட்காமல் ரேஷன் கார்டைப் பார்த்துப் போட்டேன், இவங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றேன்.

"கேஸ் குடுத்தா உள்ள போவீங்க, தெரியுமா?" என்றார் என்ஜினியர். பிறகு டேங்க் அக்கா பக்கம் திரும்பி, "நீ போடலேல்ல?" என்றார்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லிவிடு தாயே என்று நான் உள்ளுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"போடல சார்" என்றார். கொஞ்சம் நின்றார். "கேட்டுருந்தா போட்டுருப்பேன். எம் பிள்ளைக்கும் காமாலைதான்."

என்ஜினியர் பட்டியலை நாலாக மடித்தார். குழாயடிக்குப் போய்த் திறந்தார், கையில் பிடித்து மோந்து பார்த்தார், கையை உதறினார். இந்தக் குப்பையை மேலே அனுப்ப முடியாது, உண்மையாகப் புகார் இருக்கிறவர்கள் ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றார். தாள் என் கடையிலிருந்து வந்தது. ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்தேன். யாரும் நகரவில்லை.

டேங்க் அக்கா வந்து பேனாவைக் கேட்டார். வேண்டாம்க்கா என்று முணுமுணுத்தேன். "நேத்தே சொல்லிருக்கலாம்ல அண்ணே" என்றார், என்னைப் பார்க்காமல். எழுத்துக் கூட்டி மெதுவாக அந்தப் பெயரை எழுதினார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள். அவரோடு சேர்த்துப் பதினைந்து பேர்.

பன்னிரண்டாம் நாள் குழாயைத் தோண்டி மாற்றினார்கள். இணைய மனுவால் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன்; அது இல்லாவிட்டால் அந்த ஜீப்பே வந்திருக்காது. ஆனால் இன்றைக்கு யாராவது செல்போனை நீட்டி, ஒரு தட்டுத் தட்டுங்கண்ணே, நல்ல காரியம் என்றால், இதில் பெயர் இருக்கிறவர்களில் யாருக்கு இதனால் அடி விழும் என்றுதான் முதலில் கேட்கிறேன். எல்லாவற்றிலும் விளையாடுகிறவன் இதில் மட்டும் ஏன் இப்படி என்று வீட்டில் கேட்பார்கள்.

அடுத்த மாதம் வந்த நீட்டிப்புப் பட்டியலில் டேங்க் அக்காவின் பெயர் இல்லை. ஆள்குறைப்பு என்றார்கள். நானும் தெருக்காரர்களும் ஐந்து திங்கட்கிழமை மனு கொடுத்துப் பார்த்தோம். அன்று அந்தத் தாளில் கையெழுத்துப் போட்ட பதினைந்து பேரில் வேலை போனது அவர் ஒருவருக்குத்தான்.