ஞாயிற்றுக்கிழமைக் குரல்

அத்தான் குடித்துவிட்டு வைத்த டம்ளரை, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, எடுத்து முகர்ந்து பார்த்தேன். சுக்குக் காப்பியின் மணம்தான் வந்தது. அப்போதும் எனக்குத் திருப்தி இல்லை. சுக்கின் காரம் வேறொரு வாடையை மறைத்திருக்கலாம் என்று தோன்றியது. நெய்யாற்றின்கரையில் ஓர் அரசு அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது என் வேலை. ஒரு கையெழுத்தை நான்கு முறை பார்ப்பேன். அந்தப் பழக்கம் மாலையில் என்னோடு பஸ் ஏறிப் பாறசாலைக்கும் வந்துவிடும்.

அத்தான் என் மூத்த அக்காளின் கணவர். அடுத்தடுத்த வீடுகளில் இருக்கிறோம். ஓய்வு பெறும்வரை பஸ் நிலையத்தில் நேரம் குறித்து, வண்டிகளை மைக்கில் அறிவித்துக்கொண்டிருந்தவர். முதலில் மலையாளத்தில் சொல்வார். களியக்காவிளை எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போகிறவர்களுக்காக, யாரும் கேட்காமலே, தமிழிலும் ஒருமுறை சொல்வார். மைக் கெட்டுப்போன நாட்களிலும் எந்த வண்டியும் ஆளில்லாமல் போனதில்லை. ஓய்வு பெற்ற மறுவருடம் வலது கை நடுங்கத் தொடங்கியது. பார்க்கின்சன் என்றார்கள். சில வருடங்களில் மாத்திரையின் பலன் குறைந்தது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. வாசற்படி வந்தால் கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவார். கடைசியில் திருவனந்தபுரத்தில் அறுவை சிகிச்சை செய்தார்கள். மூளைக்குள் இரண்டு மெல்லிய கம்பிகள், காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு பேட்டரி. அதை இயக்கிய அன்று கை அடங்கியது. அவரே தேநீரை ஊற்றிக் குடித்தார். அக்காள் அடுக்களைக்குள் போய் அழுதாள்.

குரல் அதன் பிறகுதான் போயிற்று. ஒரேயடியாக அல்ல. சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஈரத்துணிக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்டது. தெரு முக்கில் கடை வைத்திருப்பவர் ஒருநாள் என்னிடம், “அத்தான் இப்ப உச்சைக்கே தொடங்கியாச்சா?” என்று, மத்தியானமே குடிக்கிறாரோ என்ற பொருளில், சிரித்தார். இல்லை என்றுதான் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் டம்ளரை முகர்ந்தேன்.

பல நாள் முகர்ந்து பார்த்து, குடியில்லை என்று தெரிந்த பிறகும் சந்தேகம் தீரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பகல் பதினொன்றுக்கு வளைகுடாவிலிருந்து அவருடைய மகள் வீடியோவில் அழைப்பாள். அத்தான் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார். ஒரு ஞாயிறு சன்னலைக் கடந்து போகையில் உள்ளே அந்தப் பழைய குரல் கேட்டது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, தெளிவாக. அப்படியானால் எங்களிடம் மட்டும் ஏன் குழறல்? பதில் சொல்ல வேண்டிய தொல்லையிலிருந்து தப்பிக்க நடிக்கிறார் என்று முடிவு செய்து அக்காளிடம் சொன்னேன்.

“நடிப்பா?” என்றாள் அவள். “வெந்நி வேணும்னு நாலு தடவ சொல்லியும் எனக்கு வெளங்கல்லேன்னு நேத்து அவரு கண்ணீரு விட்டுக் கரைஞ்சாரு. அது நடிப்பாக்கும்?”

நான் விடவில்லை. அடுத்த ஞாயிறு, அக்காள் கோயிலுக்குப் போன சமயம், கூடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். பேச்சு முடிந்த சற்று நேரத்தில் உள்ளே தொப்பென்று ஒரு சத்தம். கதவைத் தள்ளினேன். அத்தான் கட்டிலருகே தரையில் கிடந்தார். வலது கை கட்டில் காலில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பேட்டரியை இயக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த ரிமோட் இடது கையில் இருந்தது. மேசைமேல், முகம் மட்டும் தெரியும்படி போனைச் சாய்த்து வைத்திருந்தார்.

“எலே, ஒச்ச போடாத. நான் பேசுறது இப்ப உனக்கு வெளங்குதா?” என்றார்.

விளங்கியது. ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

“மெசினை அணைச்சாத்தான் மக்கா இந்தக் குரல் வரும். அணைச்சா கையும் காலும் போவும். அங்க நம்ம பேத்தி, ‘அப்பூப்பன் எந்தா பறயுந்நே’ன்னு, தாத்தா என்ன சொல்றாருன்னு, அம்மைட்ட கேட்டா. அம்மைக்கும் வெளங்கல்ல. சிரிச்சு சமாளிச்சா. அதுக்குப் பெறவாக்கும் நான் இதைத் தொடங்கினது.”

“டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே அத்தான்?”

“சொன்னா ரிமோட்டை வாங்கி வச்சிருவாங்க.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “நீ டம்ளரை மோந்து பாத்ததையும் கண்டேன். அண்ணைக்கு ஒண்ணு சொன்னேன், உனக்கு வெளங்கல்ல.”

“என்ன சொன்னீங்க?”

“மணம் உண்டுமானா எனக்கும் சொல்லுன்னேன்.”

அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை. பிறகு அவரே பொத்தானை அழுத்தினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை அடங்கியது. அவரைத் தூக்கிக் கட்டிலில் உட்காரவைத்தேன். அவர் ஏதோ சொன்னார். குரல் மறுபடியும் துணிக்குள் போயிருந்தது.

அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனோம். இப்போது என் சந்தேகம் டாக்டர்மேல் திரும்பியிருந்தது. இவ்வளவு பெரிய விஷயத்தை மறைத்துவிட்டீர்களே என்று கேட்டேன். டாக்டர் கோபப்படவில்லை. கையையும் காலையும் சீராக்கும் மின்தூண்டல் சிலருக்குப் பேச்சுக்கான நரம்புப் பாதையையும் தொட்டுவிடும் என்றார். பிறகு கோப்பைத் திறந்து, சிகிச்சைக்கு முன் கொடுத்த சம்மதத் தாளைக் காட்டினார். பேச்சு குழறக்கூடும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. கீழே சாட்சியாக என் கையெழுத்து. ஊராருடைய தாள்களையெல்லாம் எழுத்தெழுத்தாகப் படிப்பவன், அதைப் படிக்காமலே போட்டிருந்தேன். அக்காள் என்னைப் பார்த்தாள்.

நீங்களாக முழுவதும் அணைப்பது ஆபத்து என்று டாக்டர் அத்தானிடம் கண்டிப்பாகச் சொன்னார். ரிமோட்டை வாங்கி வைக்கவில்லை. அதில் இரண்டு அளவுகள் அமைத்துக் கொடுத்தார். ஒன்று நடப்பதற்கு. மற்றொன்று உட்கார்ந்து பேசுவதற்கு. அதில் கை கொஞ்சம் நடுங்கும். பேச்சுப் பயிற்சிக்கும் அனுப்பினார். பழைய குரல் முழுதாகத் திரும்பாது என்றும் சொல்லிவிட்டார். அதை மட்டும் நான் உடனே நம்பினேன்.

ஒரு மாதம் கழிந்து, வேலை முடிந்து வரும்போது அக்காள் வீட்டில் சத்தம் கேட்டது.

“புளிசேரியில உப்பு எங்கே?”

“உப்பு கொறைக்க டாக்டரு சொன்னதாக்கும்.”

“எந்த டாக்டரு? எனக்கு முன்னால சொல்லச் சொல்லு!”

அத்தானின் சொற்கள் அங்கங்கே ஒட்டிக்கொண்டன. நடுங்கும் கையில் கரண்டி தட்டில் மோதிக் கிணுகிணுத்தது. அக்காள் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்களுக்குள் சண்டை நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. அவர் சொல்வது புரியாததால், எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்ட அவள் பழகிப்போயிருந்தாள். இப்போது அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் அவளிடம் மறுப்பு இருந்தது. நான் உள்ளே போகவில்லை. கையில் பையோடு, சண்டை முடியும்வரை முற்றத்திலேயே நின்றிருந்தேன்.