பட்டப்பெயர் இல்லாத ஏழுமலை

"சார், எந்த ஏழுமலை ஊடு?" என்று கூரியர்காரர் போனில் கேட்டதும் எனக்குப் படபடப்பு வந்துவிட்டது. அடையாளத்தை மூன்று தரம் சொன்னேன்.

மண்ணூர்பேட்டையில் எங்கள் தெருவில் மூன்று ஏழுமலைகள். கேரம் ஏழுமலை வீடு நிறையக் கோப்பை வைத்திருந்தார். கட்சி ஏழுமலை வாசலில் எந்நேரமும் மனுவோடு ஆட்கள் நிற்பார்கள். மூன்றாமவர் என் அப்பா. தொழிற்பேட்டை எஸ்டேட்டில் லேத் ஓட்டினார். சட்டையெல்லாம் மிஷின் எண்ணெய் வாசம். அவருக்குப் பட்டப்பெயர் கிடையாது.

நான் எட்டாவது முடித்ததும் இலவச விடுதிப் பள்ளி ஒன்றுக்கு எழுதிப் போட்டோம். பதில் அப்பா பெயருக்கு வரும். தினமும் தெருமுனையில் தபால்காரருக்காகக் காத்திருந்தேன். அவரோ இனிஷியலைக்கூடப் பார்க்காமல் அந்தக் கடிதத்தைக் கட்சி ஏழுமலை வீட்டில் போட்டுவிட்டார்.

ஒருநாள் கட்சி ஏழுமலை பிரித்த உறையோடு வந்தார். "இன்னாபா, உனுக்குக்கூட லெட்டர் வருது! மனுக் கட்டுல மாட்டிகினு கெடந்துச்சு."

சேரவேண்டிய தேதி தாண்டி ஒன்பது நாள் ஆகியிருந்தது. பணம் கட்டி வேறு எங்கும் படிக்க வழியில்லை; என் படிப்பு அதோடு சரி.

அப்பா கடிதத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "குந்து அண்ணாத்தே. நீயே எடுத்தாந்து குடுத்தியே, அதுவே பெருசு" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஓடு, அண்ணனுக்கு ஒரு சோடா வாங்கியா."

நானும் ஓடிப்போய் வாங்கி வந்தேன். அதுதான் இன்றுவரை ஆறமாட்டேன் என்கிறது.