தாணுலிங்கம் ஓட்டினால் ஓடும் வண்டி

ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாயும் மல்லியும் மொத்த வியாபாரம் செய்த சிவதாணு பிள்ளை சென்ற மாதம் காலமானார். பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்கு முடிந்த மறு ஞாயிறு அவருடைய மகன் ஹரிகுமார், டிரைவர் தாணுலிங்கத்தைக் கடைக்குக் கூப்பிட்டு, இத்தனை ஆண்டு வேலைக்குக் கணக்குத் தீர்க்க இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். அப்பாவின் வண்டி, அல்லது நான்கு லட்சம் ரூபாய். பதில் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

தாணுலிங்கம் வலியசாலையில் எங்கள் வீட்டின் பின்சந்தில் குடியிருக்கிறார். பூதப்பாண்டிக்காரர். பத்தொன்பது வயதில் மூட்டை ஏற்ற வந்தவர், கடையின் பழைய டெம்போவில் ஓட்டக் கற்றுக்கொண்டு, பிறகு முதலாளியின் டிரைவரானார். சத்தமாக ஹாரன் அடிக்கமாட்டார். முன்னால் போகிறவன் தப்பாகத் திரும்பினால், "அவனுக்கு என்ன அவசரமோ" என்பார். வயது ஐம்பத்தெட்டு. சொந்த வீடு கிடையாது. மனைவி பகவதியம்மாள், ஒரே மகள் அஸ்வதி. அந்த நான்கு லட்சமோ வண்டியோதான் அவருடைய மிச்ச வாழ்க்கைக்கு ஆதாரம். இரண்டு முறை கிடைக்காது.

திங்கட்கிழமை காலை சாவியோடு என் வீட்டுக்கு வந்தார். நான் மின்வாரியத்தில் மீட்டர் பதிவுகளைப் பார்த்து ஓய்வு பெற்றவன். இயந்திரம் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. விசாரித்து ஒழுங்காக எழுதி வைப்பேன் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

"சாரே, வண்டிய எடுக்கலாமா? பொன்முடி மலைக்கு ஆளு கொண்டு போவலாம். பஸ்ஸு கொறச்சல். எஸ்டேட்டு லயத்துல இருக்கவாளும் ஆஸ்பத்திரிக்கு எறங்கணும்னா வண்டி தேடி நிக்காவ. நானும் அஸ்வதியும் மாறி மாறி ஓட்டுவோம். அவ டூரிசம் படிச்சிட்டு சும்மாதானே இருக்கா."

"வண்டியை நீங்கதானே ஓட்டறேள். உங்களுக்குத் தெரியாததா?"

"அதாம் பயமா இருக்கு. எனக்கு அதுல ஒரு கொறயும் தெரிய மாட்டேங்கு."

அது ஏழு பேர் உட்காரும் நடுத்தர எஸ்யுவி. டீசல். சிவதாணு பிள்ளை புதிதாக வாங்கியது, ஒரே உரிமையாளர். பத்து ஆண்டு என்று தாணுலிங்கம் சொன்னார். ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தேன், பத்து ஆண்டு ஏழு மாதம். கம்பெனி அந்த மாடலை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது. அதனால்தான் சந்தையில் விலை இறங்கிக் கிடந்தது. நல்ல நிலையில் இருந்தால் நான்கு லட்சத்துக்கு மேலேயே பெறும் வண்டி; பாகம் கிடைக்காவிட்டால் முற்றத்தில் நிற்கும் இரும்பு. இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு நான்கு நாள்.

கிள்ளிப்பாலத்தில் பிரதீஷின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். பிரதீஷ் அடியில் படுத்துப் பார்த்தான். பானெட்டைத் திறந்து வைத்து எஞ்சினை அரை மணி நேரம் ஓடவிட்டுக் கேட்டான். தெருமுனை வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தான்.

"எஞ்சின் அடிபொளி, தாணு அண்ணா. துருவும் இல்ல. பிரேக் சாமானம், பில்டர் எல்லாம் வேற வண்டியோடது சேரும், கிட்டும். ஹெட்லைட்டு உடஞ்சா கொஞ்சம் அலயணும்."

"கிடைக்காதது எது?" என்று கேட்டேன்.

"கியர்பாக்ஸ். அதுக்குள்ள உள்ள சாமானம் ஒண்ணும் இப்ப வராது சாரே. பொளிச்சுப் பிரிச்ச பழைய வண்டியில இருந்து எடுக்கணும். அதும் இதே வயசுதானே."

"இந்த வண்டியில கியர்பாக்ஸ் எப்படி?"

பிரதீஷ் சிரித்தான். "பத்து வருஷமாட்டு ஓட்டின ஆளு பக்கத்துல நிக்கி. எங்கிட்ட கேக்கீங்க."

"ஒரு கொழப்பமும் இல்ல" என்றார் தாணுலிங்கம். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "இல்லியா சாரே?"

செவ்வாயும் புதனும் அவருடன் உட்கார்ந்து ஊருக்குள் சுற்றினேன். நெரிசலில், மேட்டில், மழையில். வண்டி இடறவேயில்லை. எனக்கு எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அவருடைய கலக்கம் நாளுக்கு நாள் கூடியது. வாகனத்தை வாடகை வண்டியாக மாற்றிப் பதிவு செய்ய என்ன செலவு என்று ஒரே நாளில் மூன்று முறை கேட்டார். பகவதியம்மாள் என் வீட்டுக் கதவருகே வந்து நின்று சொன்னாள்:

"ஒரு வாய் சோறு எறங்க மாட்டேங்கு சாரே அவருக்கு. வண்டியும் பழசு, ஆளும் பழசு. ஏதாவது ஒண்ணு வழியில நின்னா மத்தது தள்ளுமா? பணத்த வாங்குங்கன்னா கேக்க மாட்டேங்காரு."

"பணத்த வச்சி எத்தன நாளு தின்பே?" என்று பின்னாலிருந்து தாணுலிங்கம் கேட்டார்.

வியாழக்கிழமை பொன்முடிக்கே போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். அஸ்வதியும் வந்தாள். நெடுமங்காடு, விதுரை, கல்லாறு வரை தாணுலிங்கம் ஓட்டினார். அதற்கு மேல் ஹேர்பின் வளைவுகள். வண்டி ஏறியது, நன்றாகவே ஏறியது. உச்சியில் மூடுபனி. யாரும் இறங்கி வேடிக்கை பார்க்கவில்லை. வரும் வழியில் தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு எதிரே ஒரு பெண் கைக்குழந்தையோடு பஸ்ஸுக்கு நின்றதைத் தாணுலிங்கம் பார்த்திருந்தார். "பாத்தீங்களா? ஆளு இருக்கு. ஓட்டம் கிட்டும்" என்றார். முதல் முறையாகக் குரலில் தெம்பு.

இறங்கும்போது அஸ்வதி தன் மலையாளம் கலந்த பேச்சில் கேட்டாள். "அப்பா, இனி ஞான் ஓட்டட்டா? நாளைக்கு எடுத்துட்டு, என்னால பற்றாதுன்னு சொன்னா சரியாவுமா?"

அவர் தயங்கினார். பிறகு இடம் மாறினார். நான் பின் சீட்டில் இருந்தேன்.

"செகண்டுல போ மக்களே. பிரேக்க மிதிச்சுக்கிட்டே போவாத, சூடாவும். எஞ்சினே பிடிச்சுக்கிடும்."

"அறியாம் அப்பா, தெரியும். லைசென்ஸ் சும்மா தந்ததா?"

இரண்டு வளைவு ஒழுங்காக இறங்கினாள். நிதானமாகத்தான் ஓட்டினாள், இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். மூன்றாவது வளைவுக்கு முன்னால் சரிவு நீளமானது. அங்கே 'டக்' என்று ஒரு சத்தம். எஞ்சின் இரைச்சல் சட்டென்று அடங்கியது. வண்டி மட்டும் வேகம் எடுத்தது.

"அப்பா!"

"பிரேக்கு! பிரேக்க மிதி மக்களே, மிதி!"

மிதித்தாள். வண்டி இழுத்துக்கொண்டு போய் வளைவின் சுவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. சுவருக்கு அப்பால் மரங்களின் தலைகள் தெரிந்தன. ஹேண்ட்பிரேக்கைத் தாணுலிங்கம்தான் இழுத்தார். கியர் நியூட்ரலில் நின்றது.

"ஞான் தொடக்கூட இல்ல. சத்தியமாட்டு தொடல்ல" என்று அஸ்வதி அழுதாள்.

"கியரு முழுக்க விழாம இருந்திருக்கும். நீ சரியாப் போட்டிருக்க மாட்டே" என்றார் அவர். சொன்ன குரலில் அவருக்கே நம்பிக்கை இல்லை.

மறுபடியும் அவரே ஓட்டினார். இரண்டு வளைவு, மூன்று வளைவு, வண்டி பூப்போல இறங்கியது. அஸ்வதி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு முன்னால் அவள்தான் கண்டுபிடித்தாள்.

"அப்பா. அந்தக் கைய எடுங்க."

"எந்தக் கைய?"

"கியர்ல வச்சிருக்கிற கைய."

அவருடைய இடது கை கியர் குமிழின் மேல் இருந்தது. சும்மா வைத்த கை அல்ல. பின்னுக்கு இழுத்துப் பிடித்த கை. மணிக்கட்டில் நரம்பு புடைத்திருந்தது. அவர் குனிந்து, வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல அதைப் பார்த்தார். சரிவு சற்றே குறைந்த இடத்தில், பிரேக்கில் கால் வைத்துக்கொண்டு கையை எடுத்தார். சிறிது தூரம் போனதும் 'டக்'. கியர் சாடி வெளியே வந்தது. மறுபடியும் செகண்டில் போட்டு, மறுபடியும் கையை எடுத்தார். மறுபடியும் சாடியது.

"எப்போலேருந்து இப்படிப் பிடிக்கறேள்?" என்று கேட்டேன்.

"தெரியல்ல சாரே." கல்லாறு டீக்கடையில் சொன்னார்: "கை எப்பவும் அங்கதானே இருக்கும்னு நெனச்சேன். பெரிய மொதலாளிக்க அம்மய, பேரப்பிள்ளைகள, எல்லாரயும் இதுலதான் மலை ஏத்தி எறக்கினேன். வண்டி பிடிச்சுதுன்னுல்லா நெனச்சேன்."

நாங்கள் செய்த தவறு எளிமையானது. இத்தனை நாளும் அவர் ஓட்ட, நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வண்டியைச் சோதித்தோம். அவர் ஓட்டும் வரை அந்தக் குறை இல்லை. பிரதீஷ் ஓட்டியது சமதரையில், தெருமுனை வரைதான்.

அன்று மாலை பிரதீஷைக் கேட்டோம். பாக்ஸைத் திறந்தால்தான் சொல்ல முடியும், திறந்தால் போட சாமானம் இல்லை என்றான். "கைய வச்சுப் பிடிச்சு ஓட்டினா இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்" என்றும் சொன்னான். அந்த ஒரு வாக்கியம் தாணுலிங்கத்தை மேலும் அலைக்கழித்தது. தான் மட்டும் ஓட்டினால் போதுமே என்று ஒரு யோசனை. தனக்குக் காய்ச்சல் வந்தால், மகள் எடுத்துக்கொண்டு போனால் என்று இன்னொன்று. இரண்டையும் என்னிடம் மாற்றி மாற்றிச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். பகவதியம்மாளிடம் மலையில் நடந்ததை நாங்கள் இருவரும் சொல்லவில்லை, அஸ்வதி சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கடைக்கு என்னையும் கூட வரச் சொன்னார். மிளகாய் நெடியில் எனக்கு இருமல் வந்தது.

"பணமே தாங்க சின்ன மொதலாளி" என்றார் தாணுலிங்கம்.

"அதுக்கென்ன தாணு அண்ணே" என்றார் ஹரிகுமார். "வண்டி வித்த ஒடனே தந்திருகேன். நாளைக்கு ஆற்றிங்ஙல்லேருந்து ஒரு வாத்தியாரு பாக்க வாராரு. நீங்கதான் ஓட்டிக் காட்டணும். நீங்க ஓட்டினா யாரு வேண்டாம்னு சொல்லுவா?"

தாணுலிங்கம் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"ஓட்டிக் காட்டுகேன். ஆனா எறக்கத்துல அவரத்தான் ஓட்டச் சொல்லுவேன்."

"எதுக்கு?"

"செகண்டு கியர் சாடுது மொதலாளி."

"இத்தன வருஷம் சாடாதது இப்பவா சாடுது? ஒங்களுக்குத் தந்தப்போ நல்ல வண்டி, அடுத்தவனுக்கு விக்கும்போ கெட்ட வண்டியா?"

"ஆரு ஓட்டினாலும் சாடும். நான் ஓட்டினாத்தான் தெரியாது."

"அப்ப ஒங்க பணம் எங்கேருந்து வரும்னு நெனைக்கீங்க?" ஹரிகுமார் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டு வாசலில் பகவதியம்மாள் நின்றிருந்தாள். "பணம் வாங்கினீங்களா?"

"இல்ல."

"வண்டி?"

"அதும் இல்ல."

"பின்னே காலம்பற எழும்பி அங்க எதுக்குப் போனீங்க, மொளவா வாங்கவா?" என்றாள். அஸ்வதி வாயைப் பொத்திக்கொண்டாள். பகவதியம்மாள் சிறிது நேரம் மகளையே பார்த்தாள். "போட்டும். கைகால் களுவிட்டு வாங்க" என்றாள்.

சனிக்கிழமை ஆற்றிங்ஙல் ஆசிரியர் மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் வந்தார். தாணுலிங்கம் சொன்னபடியே ஒரு நீண்ட இறக்கத்தில் சாவியை அவர் கையில் கொடுத்து, பிரேக்கில் கால் வைத்துக்கொள்ளச் சொன்னார். சாடியது. அவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுவாரம் வந்த இரண்டு பேரும் அப்படியே. ஒவ்வொரு முறையும் தன்னுடைய நான்கு லட்சத்தைத் தானே திருப்பி அனுப்பிவிட்டு, தாணுலிங்கம் என் வீட்டுக்கு வந்து, "நான் செஞ்சது சரியா சாரே?" என்று கேட்பார். சரி என்பேன். நிம்மதி வந்ததாகத் தெரியாது.

நேற்று அவர் என் வீட்டில் இருக்கும்போதே ஹரிகுமார் போனில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார் தாணுலிங்கம்.

"தாணு அண்ணே, இப்பிடியே போனா வண்டி எனக்கும் இல்ல, ஒங்களுக்கும் இல்ல. நீங்களே சொல்லுங்க, என்ன செய்யணும்?"

"மொதல்லயே சொல்லி விக்கணும் மொதலாளி. கியர் சாடும், பாக்ஸுக்குச் சாமானம் கிட்டாது, எஞ்சின் நல்லதுன்னு. இதே வண்டி வச்சிருக்கவன் எவனாவது இருப்பான். அவனுக்கு இந்தக் கதவும் எஞ்சினும் தங்கம். ரெண்டரைக்கு வாங்குவான்."

"ரெண்டரையா? அப்ப ஒங்களுக்கு நாலு யாரு தரணும்?"

"ரெண்டரயே தாங்க. மிச்சத்துக்கு என்னய இன்னும் கொஞ்சநாளு கடை டெம்போ ஓட்ட விடுங்க. அதுல எல்லா கியரும் நிக்கும்."

இணைப்பு அறுந்தது.

"கோவத்துல வச்சிட்டாரா, டவர் போச்சா சாரே?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன். கூப்பிடலாமா, கூப்பிட்டால் கெஞ்சுவதாக நினைப்பாரோ, கூப்பிடாவிட்டால் திமிர் என்பாரோ என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் எண்ணை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.