ரிப்பீட்டர் அக்காவின் மாதிரித் தேர்வு

அக்கா என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "ரிப்பீட்டரா இருக்கா" என்று தலை நிமிர்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது நான் நான்காம் வகுப்பு. இன்ஸ்பெக்டர், மேனேஜர் வரிசையில் ரிப்பீட்டரும் ஓர் உத்தியோகம் என்பது என் எண்ணம். பிளஸ் டூ முடித்து, ஒருமுறை நீட் எழுதி, மதிப்பெண் போதாமல் மறுபடி எழுதுவதற்காக ஒரு வருடத்தைக் கொடுப்பவர்களுக்கு அந்தப் பெயர் என்பதும், அதைச் சொல்லும்போது பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

தி. நகரில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தோம். ஒரு கூடம், ஓர் உள்ளறை, சமையலறை. அப்பா பக்கத்துத் தெருத் துணிக்கடையில் ரவிக்கைத் துணிப் பிரிவில் விற்பனையாளர். புடவையை ஒருமுறை பார்த்தால் போதும், அதற்குப் பொருத்தமான துணியை அடுக்கிலிருந்து உருவிவிடுவார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளம் வயதில் வந்தவர். அவருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

பள்ளியில் அக்காதான் எப்போதும் முதல். அதனால் முடிவு வந்த நாளில் எப்படி நடந்துகொள்வது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அம்மா கைபேசியை அணைத்து அரிசி டப்பா மேல் வைத்தாள். அப்பா கடையிலிருந்து வந்து, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். அக்கா தலையை ஆட்டினாள். உண்மையில் அவள் சாப்பிட்டிருக்கவில்லை. மறுநாள் காலை அவளே, "இன்னொரு தடவை எழுதுறேம்பா" என்றாள். அப்பா அதற்கும் "சரி" என்றுதான் சொன்னார்.

அடையாறில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள். விடியுமுன் எழுந்து படித்துவிட்டு பஸ்ஸில் போவாள். மதியம் திரும்பி வந்து மறுபடி புத்தகத்தைத் திறப்பாள். வாரத் தேர்வு மதிப்பெண்ணை வகுப்புச் சுவரில் ஒட்டுவார்களாம். முதல் சில மாதங்கள் ஏறியது, பிறகு நின்றது, பொங்கல் கழிந்ததும் இறங்கவே தொடங்கியது. அது இறங்க இறங்க அவள் எழும் நேரம் இன்னும் முன்னால் போனது. உயிரியலில் அவளை அசைக்க முடியாது. இயற்பியல்தான் கவிழ்த்தது. தெரியாத கேள்வியைக் கண்டால் விட்டுவிட்டுப் போக மாட்டாள். விடைத்தாளில் குத்துமதிப்பாக ஒரு வட்டத்தைக் கறுப்பாக்குவாள், தவறான விடைக்கு இருக்கிற மதிப்பெண்ணும் கழியும். "எதையும் விட்டுட்டு வந்து எனக்குப் பழக்கமே இல்லடி" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். எனக்கு அது தற்பெருமை மாதிரித்தான் பட்டது.

மார்ச் மாதத்தில், நிஜத் தேர்வு நடக்கும் அதே மத்தியான நேரத்தில் வீட்டிலேயே மாதிரித் தேர்வு எழுதுவது என்று முடிவெடுத்தாள். கண்காணிப்பாளர் வேலை எனக்கு. போன வருடம் தேர்வு மையத்து வாசலில் தோட்டைக் கழற்றச் சொன்னதில் பதறிப்போய், அந்தப் பதற்றத்தோடேயே முதல் பக்கத்தை எழுதினாளாம். அதனால் என்னிடம் கண்டிப்பாக இருக்கச் சொன்னாள். சொல்ல வேண்டுமா? அம்மாவின் துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு, மர ஸ்கேலோடு கூடத்து வாசலில் நிற்பேன். தோடு, கிளிப், கைக்கடிகாரம் எல்லாம் பறிமுதல். தண்ணீர் பாட்டிலில் ஒட்டியிருக்கும் தாளைக்கூட விட மாட்டேன். "முகத்த நேரா காட்டுங்க மேடம்" என்று அனுமதிச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். அந்தச் சீட்டு நானே வரைந்தது. அதிலிருந்த முகம் யாருக்கும் பொருந்தாது. தேர்வு முடியும்வரை அம்மாகூடக் கூடத்தைக் கடந்து தண்ணீர் பிடிக்கப் போக முடியாது. வாழ்க்கையில் அதற்குமுன்னும் பின்னும் அவ்வளவு அதிகாரம் எனக்கு வாய்த்ததில்லை.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்குப் பள்ளி விடுமுறை தொடங்கியிருந்தது. வெயில் மொட்டை மாடியைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. அக்கா உயிரியலை முடித்து இயற்பியலைத் திருப்பினாள். கொஞ்ச நேரத்தில் தலை மெல்லச் சாய்ந்து மேசைமேல் படிந்தது. பேனா விரல்களிலேயே இருந்தது.

நான் ஸ்கேலால் மேசையைத் தட்டினேன். "மேடம், தூங்கக் கூடாது."

அசையவில்லை. இன்னொரு முறை ஓங்கினேன். உள்ளறையில் பாயில் படுத்திருந்த அப்பா எழுந்து வந்து ஸ்கேலைப் பிடித்துக்கொண்டார். அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பேனாவை அவள் விரலிலிருந்து மெதுவாக உருவி வைத்துவிட்டு, மின்விசிறியைக் கூட்டினார். அம்மா சமையலறை நிலையில் வந்து நின்றாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் படியில் பெரியப்பாவின் செருமல் கேட்டது. பின்னாலேயே பெரியம்மாவின் மூச்சிரைப்பு.

பெரியப்பா அப்பாவின் அண்ணன். அப்பாவின் சின்ன வயதிலேயே தாத்தா போய்விட்டதால் அவரை வளர்த்ததே பெரியப்பாதான். அவர் முன்னால் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மகள் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகையைத் தம்பிக்குக் கொடுப்பதற்காக ரயிலேறி வந்திருந்தார், சொல்லாமல் கொள்ளாமல். அவர் கடைசிப் படியை எட்டுவதற்குள் அப்பா வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டார். தேர்வுக்குப் பொறுப்பாளி என்ற முறையில் நானும் கூடவே போனேன்.

"வாங்கண்ணே, வாங்க மைனி. உள்ள பரீட்சை நடக்கு. முடிஞ்சதும் போலாம். செத்த இங்கனயே இருங்க."

பெரியப்பாவுக்குப் புரியவில்லை. "வீட்டுக்குள்ள என்னடே பரீட்சை?"

"மூத்தவ எழுதுதா. கவனம் கலைஞ்சிரும்."

"பத்திரிகையோட வந்தவன வாசல்ல நிப்பாட்டுத. நானு யாரு, தபால்காரனா?" அவர் குரல் ஏறியது. "போன வருசம் எழுதிக் கண்டது என்ன? அப்பமே ஊர்ல ஒரு காலேஜ்ல சேத்திருந்தா இந்நேரம் ஒரு வருசம் முடிச்சிருப்பா. பொட்டப்பிள்ளைய வச்சுக்கிட்டு நீ என்ன வெளையாடுதியா?"

"மெதுவாண்ணே" என்றார் அப்பா. அவர் கைகூப்பியிருந்தார், ஆனால் கதவை விட்டு நகரவில்லை. "நல்லா எழுதிக்கிட்டு இருக்கா. இப்பம் உள்ள போவக் கூடாது."

எனக்கு இது பொறுக்கவில்லை. கூடத்தில் நடப்பதைச் சரியாக அறிவிப்பது கண்காணிப்பாளரின் கடமை. "இல்ல பெரியப்பா, அக்கா தூ..." என்று ஆரம்பித்தேன்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க உள்ள போங்க. ஹால்ல ஆளில்ல பாருங்க" என்றார்.

வீட்டில் யாரும் என்னை அதுவரை 'நீங்க' என்று சொன்னதில்லை. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு உள்ளே போனேன். அம்மா அக்காவின் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் கையிலிருந்த ஸ்கேலை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

வெளியே பெரியப்பா, "கல்யாணத்துக்கும் நீ வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்குவதும், பெரியம்மா, "அட, இரிங்க. எனக்குக் கால் வலிக்கு" என்று அங்கேயே உட்காருவதும் கேட்டது. பெரியப்பாவின் காலடியோசை பாதிப் படியில் நின்றது. அம்மா கதவிடுக்கு வழியாக மோர் கொடுத்தாள். துணி காயப்போட மேலே வந்த கீழ்வீட்டு ஆண்ட்டி, "இன்னா சார், சொந்தக்காரங்கள படியில குந்த வச்சிக்கினு கீறீங்க?" என்று கேட்டார். அப்பா சொன்ன பதில் என் காதில் விழவில்லை.

அக்கா விழித்தபோது வெயில் ஜன்னலை விட்டுப் போயிருந்தது. கன்னத்தில் மேசை விளிம்பின் தடம். கடிகாரத்தைப் பார்த்தாள், விடைத்தாளைப் பார்த்தாள். "ஏன்டி எழுப்பல?" என்று என்மேல் பாய்ந்தாள். நான் அம்மாவைக் காட்டினேன். "போய் மூஞ்சியக் கழுவு. பெரியப்பா வந்திருக்காவ" என்றாள் அம்மா. குளியலறையில் குழாய் நெடுநேரம் திறந்தே இருந்தது.

அதன்பிறகுதான் கதவு திறந்தது. பெரியப்பா சட்டையெல்லாம் வேர்வையாக உள்ளே வந்து, வெற்றிலைத் தட்டில் பத்திரிகையை வைத்து, அப்பாவைப் பார்க்காமல் அம்மாவிடம் நீட்டினார். பிறகு அக்காவின் வீங்கிய கண்களைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "நல்லா எழுதினியா தாயி?" என்று கேட்ட குரலில் படியில் கேட்ட சூடு இல்லை. அக்கா அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எழுதினேன் பெரியப்பா" என்றாள்.

அந்த வாரத்திலிருந்து வீட்டில் சில மாற்றங்கள் வந்தன. இரவுச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் அப்பாவே விளக்கை அணைத்துவிடுவார். முதலில் அக்கா சண்டை போட்டாள். பிறகு சண்டை போடும் தெம்பில்லாமல் தூங்கினாள். அதற்குப் பிறகு தூக்கம் அவளுக்குப் பழகிப்போனது. மாதிரித் தேர்வில், தெரியாத கேள்விக்கு நேராகப் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போக ஆரம்பித்தாள். விட்டுவிட்டு வந்த கேள்விகள் கூடக் கூட, ஆச்சரியமாக, மதிப்பெண்ணும் கூடியது.

மே மாதம் நிஜத் தேர்வை எழுதினாள். மதிப்பெண் போன வருடத்தைவிட நன்றாகவே உயர்ந்திருந்தது. எம்.பி.பி.எஸ்.ஸுக்குக் கொஞ்சம் குறைந்தது; பல் மருத்துவத்துக்கு இடம் கிடைத்தது. "இன்னொரு தடவை எழுதுதியா?" என்று அப்பா கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை. "போதும்பா" என்றாள். அதில் வருத்தம் எவ்வளவு, நிம்மதி எவ்வளவு என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. இப்போது பல் டாக்டராக அவளிடம் கூட்டம் வருகிறது. பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துக்கும் நாங்கள் போய்வந்தோம்.

பத்திரிகை கொடுத்த அன்று சாயங்காலம், பெரியப்பாவையும் பெரியம்மாவையும் பஸ் ஏற்றிவிட்டு அப்பாவும் நானும் நடந்து வந்துகொண்டிருந்தோம். பாண்டி பஜார் நடைபாதை முழுக்க ஜனம். அப்பா வழக்கத்தைவிட மெதுவாக நடந்தார். அதிகாரம் பறிபோன ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

"ஏம்பா அவளை எழுப்பல?"

"எழுப்புனா எழுத ஆரம்பிச்சிருவாள்லா" என்றார்.

"எழுதத்தானே உக்காந்தா?"

அப்பா நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவரிடம் பதில் இல்லை, நான் கேட்டதுதான் நியாயமான கேள்வி என்று முடிவுசெய்து, வீடு வரும்வரை மிகவும் சந்தோஷமாக நடந்தேன்.