ஆமாம் என்றால் இரண்டு தடவை

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் கெலிஓயாவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் நஸீப்பிடம் போய்க் கேட்கட்டும். நான் கதை கட்டுகிற ஆள் இல்லை. கண்டியில் பத்தொன்பது வருடமாக வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவன். முள் எங்கே நிற்கிறதோ அதைத்தான் எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன்.

என் பெயர் மோகனராஜ். வீடு மஹய்யாவையில். குடி இல்லை, சிகரெட் இல்லை. எனக்கு இருக்கிற ஒரே பைத்தியம் ஹாம் ரேடியோ. பரீட்சை எழுதி, லைசன்ஸ் எடுத்து, சொந்தமாக ஒரு ரேடியோ வைத்து, இன்னொரு ரேடியோக்காரனோடு பேசுவது. சிம் வேண்டாம், டவர் வேண்டாம். என்னுடையது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. சட்டைப் பையில் போட்டால் இருப்பதே தெரியாது.

“இந்தத் தீப்பெட்டிய வச்சிக்கிட்டு எந்த அடுப்பப் பத்த வைக்கப் போறீங்க?” என்று என் மனைவி சீதா கேட்பாள். கேட்டுவிட்டு அவளே சிரிப்பாள்.

அவளுக்கு ஒரே தம்பி, சுதேஷ். இருபத்தாறு வயது. தாய் தகப்பன் போன பிறகு எங்களோடுதான் இருந்தான். அவனையும் நச்சரித்துப் பரீட்சை எழுத வைத்தேன். அதே மாதிரி ஒரு குட்டி ரேடியோவை அவனுக்கும் வாங்கிக் கொடுத்தேன்.

சென்ற கார்த்திகையில் அடைமழை. நாலாம் நாள் கரண்ட் போனது. ஐந்தாம் நாள் போனும் செத்தது. யார் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அப்போது எங்கள் தீப்பெட்டிகள்தான் பேசின. நஸீப் தன் கடை மாடியில் ஒரு பெரிய செட் வைத்திருந்தான். கார் பேட்டரியில் அது எந்நேரமும் விழித்திருக்கும். நடுவில் உட்கார்ந்து எல்லாரையும் கூப்பிடுவது அவன் வேலை. மற்றவர்கள் மணிக்கு ஒரு தடவை ரேடியோவைப் போட்டு, ஐந்து நிமிடம் பேசி, அணைத்துவிட வேண்டும். பேட்டரி முக்கியம்.

இன்னொரு சட்டமும் இருந்தது. தேடப்படுகிற ஆள் தானே வந்து பத்திரம் என்று சொல்லிவிட்டால், அந்தத் தேடுதலை அந்த இடத்திலேயே மூட வேண்டும். தேட ஆள் பற்றாது, அதனால். இந்தச் சட்டத்தை எழுதியவன் நான்தான். யாராவது ஒழுங்கு தவறினால் ரேடியோவிலேயே திட்டுவேன். என் வாய் அப்படி.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு சுதேஷ் ஹந்தானை மலைக்குப் போனான். மேலே தோட்டத்தில், ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிய ஒரு பழைய லயத்தில் அவன் கூட்டாளியின் அம்மா புஷ்பம் இருந்தார். நடக்க முடியாதவர்களைக் கீழே கூட்டி வரப் போகிறேன் என்றான். பன்னிரண்டு மணிக்குப் பேசினான். ஒரு மணிக்குப் பேசினான். இரண்டு மணிக்கு இல்லை. மூன்றுக்கும் இல்லை. நாலுக்கும் இல்லை.

சீதா அழவில்லை. என் மழைக்கோட்டை எடுத்து வந்து கையில் கொடுத்தாள்.

“அவன் இல்லாம வராதீங்க,” என்றாள்.

த்ரீவீல் பாதி வழிதான் போனது. அதற்கு மேல் நடை. மழை விட்டிருந்தது. மூடுபனி இறங்கியிருந்தது. பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. புதிதாக வெட்டிய மண்ணின் வாசம் அடித்தது. லயம் இருக்கிற பக்கம் என்றால் நாய் குரைக்காமல் இருக்காது. அன்று ஒரு நாய்கூட இல்லை.

மாலை 6.12. ஒரு வளைவில் நின்று ரேடியோவைப் போட்டேன். சட்டப்படி ஏழு மணிக்குத்தான் போட வேண்டும். மனசு கேட்கவில்லை.

டக்...

ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். டக்... டக்...

யாரோ பேசுகிற பட்டனை அமுக்கி அமுக்கி விடுகிறார்கள். மைக்கில் தண்ணீர் போனால் இப்படித்தான். பட்டன் வேலை செய்யும், குரல் போகாது. எனக்கு உயிர் வந்தது.

“சுதேஷ், நான் பேசுறது கேக்குதா? ஆமான்னா ரெண்டு தடவ அமுக்கு. இல்லன்னா ஒரு தடவ.”

டக்... டக்.

“சுதேஷ்தானே?”

டக்.

இரண்டாவதுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. அவன் இல்லை. வேறு யாரோ.

“சுதேஷ் உங்ககூட இருக்கானா?”

டக்... டக்.

“நல்லா இருக்கானா?”

பதில் இல்லை. அரை நிமிடம் போனது. ஒரு நிமிடம் போனது. ரேடியோ சும்மா இருந்தது. என்னால் அந்தக் கேள்வியை இரண்டாம் தடவை கேட்க முடியவில்லை.

“எத்தன பேரு இருக்கீங்க? அத்தன தடவ அமுக்குங்க.”

எண்ணினேன். ஐந்து. நின்றுவிட்டது. சரி, ஐந்து பேர் என்று நினைத்தேன். பிறகு, நன்றாக இடைவெளி விட்டு, இன்னொன்று வந்தது.

டக்.

அந்த இடைவெளி எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

6.21. நஸீப்பைக் கூப்பிட்டேன். கரகரவென்று கிடைத்தான்.

“நஸீப், லயத்துல ஆறு பேரு மாட்டியிருக்காங்க. பட்டன் மட்டும் அமுக்குறாங்க.”

“எனக்கும் கேக்குது. கீழ ஸ்கூல்ல எட்டுப் பேர் மண்வெட்டி அலவாங்கோட ரெடியா ஈக்கிறாங்க. ஏழு மணிக்கு ரேடியோவப் போடுவாங்க, சொல்லி அனுப்புறன். நீங்க தனியா ஏற வேணாம்.”

ஏறினேன். வேறென்ன செய்வது? சீதாவின் முகம் கண் முன்னால் நின்றது.

ஆள் இருக்கும் திசையைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வழி உண்டு. ரேடியோவை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு மெல்லச் சுற்ற வேண்டும். உடம்பு மறைக்கும்போது ரேடியோத் திரையில் சிக்னல் கோடு குறையும். எங்கே குறைகிறதோ, அங்கே நிற்க வேண்டும். ஆள் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறான்.

“அமுக்கிக்கிட்டே இருங்க,” என்றேன். சுற்றினேன். பள்ளத்தைப் பார்த்து நின்றபோது கோடு ஐந்திலிருந்து இரண்டுக்கு இறங்கியது. அவர்கள் என் பின்னால், மலையில். ஒவ்வொரு வளைவிலும் நின்று, சுற்றிப் பார்த்து, ஏறினேன்.

6.48. பாதை முடிந்தது.

லயம் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் மேடு இருந்தது. காம்பரா இல்லை, வாசல் இல்லை. மண்ணுக்கு வெளியே ஒரு கூரைத் தகரத்தின் மூலை மட்டும். கத்தினேன். சுதேஷ் பேரைச் சொல்லிக் கத்தினேன். கையால் தோண்டினேன். தோண்டத் தோண்டச் சேறு வந்து நிரம்பியது. இருட்டிக்கொண்டு வந்தது.

டக்... டக்...

சரியாக 7.00.

“மச்சான்.”

சுதேஷின் குரல். ரேடியோவில்தான். இரைச்சல் இல்லை, கரகரப்பு இல்லை. அந்தக் குட்டி ஸ்பீக்கரில் இவ்வளவு தெளிவாக நான் எதையும் கேட்டதில்லை.

“டேய்... எங்கடா இருக்க?”

“பத்திரமா இருக்கேன். அக்காகிட்ட சொல்லுங்க. நீங்க எறங்குங்க.”

வெட்கமில்லாமல் அழுதேன். கதிர்காமக் கந்தா, உனக்குக் காவடி எடுக்கிறேன் என்றேன்.

டக்டக்டக்டக்டக்...

கணக்கில்லாமல் வந்தது. பதறி அடித்துக்கொண்டு அமுக்கினார்கள்.

“இது யாருடா அமுக்குறது?”

“அத கேக்காதீங்க.”

“நீ எங்க இருக்க?”

“பக்கத்துலதான்.”

ரேடியோவை நெஞ்சில் வைத்துக்கொண்டேன். “பேசுடா,” என்றேன்.

“எறங்குங்க மச்சான். எறங்குங்க. எறங்குங்க.”

சுற்றினேன். பள்ளத்தைப் பார்த்தேன். ஐந்து கோடு.

மலையைப் பார்த்தேன். ஐந்து கோடு.

முழுச் சுற்று சுற்றினேன். ஒரு கோடுகூடக் குறையவில்லை.

அன்டெனாவைக் கழற்றினேன். அது இல்லாமல் ஒரு கோடுகூட வரக் கூடாது.

ஐந்து.

டக்டக்டக்டக்...

“அவங்க போயிட்டாங்க மச்சான். அக்கா தனியா இருக்கா. எறங்குங்க.”

போயிட்டாங்க...

அப்படியென்றால் நாற்பத்தெட்டு நிமிடமாக எனக்குப் பதில் சொன்னது?

அன்டெனாவை மறுபடி திருகி மாட்டினேன்.

7.04. பட்டனை அமுக்கினேன்.

“நஸீப், சுதேஷ் வந்துட்டான். பத்திரமா இருக்கான். தேடுதல மூடுங்க. மேல உயிரோட யாரும் இல்ல, ஆள் அனுப்பாதீங்க.”

“சரி, மூடினன்,” என்றான் நஸீப்.

பேசுகிறவன் யார் என்று உறுதிப்படுத்த லைசன்ஸில் கொடுத்த அவனுடைய அழைப்புக் குறியைக் கேட்க வேண்டும். ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன் நான். அன்று கேட்கவில்லை.

ஓடினேன்.

விழுந்தேன். எழுந்தேன். ஓடினேன்.

சட்டைப் பைக்குள்... டக்... டக்... டக்...

7.09. அதை அணைத்தேன்.

7.19. முதுகுக்குப் பின்னால் லொறி நிறையக் கல்லைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். தரை அதிர்ந்தது. நான் ஏறிப் போன பாதையை மலை அள்ளிக்கொண்டு போனது. அந்த எட்டுப் பேரும் கிளம்பியிருந்தால் அந்த நேரத்தில் அந்தப் பாதையில்தான் இருந்திருப்பார்கள்.

வீட்டுக்குப் போனேன். சீதா வாசலில் நின்றாள்.

“அவன் பத்திரமா இருக்கான். பேசினான்.”

“நீங்களே பேசினீங்களா?”

“நானே பேசினேன்.”

“சாப்பிட்டானாமா?”

கேட்க மறந்துவிட்டேன் என்றேன். அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்து, சட்டியை மூடி வைத்தாள். எட்டு மணிக்கு ரேடியோவைப் போட்டேன். ஒன்பது மணிக்கும் போட்டேன். அவன் வரவில்லை. டக் என்ற சத்தமும் இல்லை.

அடுத்த நாள் பகல், லயத்து ஆட்களைத் தேடி வந்த சொந்தக்காரர்கள் வேறு பக்கமாக ஏறி அந்தத் தகரத்தைத் தூக்கினார்கள். கீழே ஒரு காம்பராவின் மூலை நசுங்காமல் இருந்தது. அதற்குள் ஆறு பேர். புஷ்பத்துக்கும் ஒரு சின்னப் பெண்ணுக்கும் உயிர் இருந்தது. மூன்று பேர் இரவில் குளிரிலும் காயத்திலும் இறந்திருந்தார்கள். சுதேஷின் ரேடியோ புஷ்பத்தின் கையில் இருந்தது.

ஆறாவது ஆள் சுதேஷ். நெஞ்சில் உத்தரம் விழுந்திருந்தது. வியாழக்கிழமை பகல் இரண்டு மணி அளவில் உயிர் போயிருக்கும் என்று டொக்டர் சொன்னார்.

சவ அடக்கத்துக்கு நஸீப் வந்தான். தனியாகக் கூட்டிப் போய்க் கேட்டேன்.

“ஏழு மணிக்கு என்ன கேட்டுச்சு உங்களுக்கு?”

“நீங்க பேசினது கேட்டிச்சு. எடையில அந்த டக்டக். சுதேஷ்ட குரல் வரல்ல.”

“அப்ப ஏன் மூடினீங்க?”

“நீங்க சொன்னீங்க.”

உயிரோடு இருந்தவர்கள் அமுக்கிக்கொண்டே இருந்தார்கள். நான் அவர்களைப் பேய் என்று நினைத்து அணைத்துவிட்டு வந்தேன். இதைச் சுமந்துகொண்டுதான் மீட்டர் பார்க்கப் போகிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். சீதா மட்டும் வேறு மாதிரிச் சொன்னாள். “எனக்காக என் தம்பி உங்கள எறக்கி விட்டான். அந்த எட்டுப் பேரையும் காப்பாத்தினான்.” அதைப் பிடித்துக்கொண்டுதான் நானும் கொஞ்சம் நிமிர்ந்தேன்.

பதினோராம் நாள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். புஷ்பம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் விடவில்லை. சீதாவையே பார்த்துக்கொண்டு பேசினார்.

“பட்டன அமுக்கச் சொல்லிக் குடுத்ததே புள்ளதான். அப்புறம் ரெண்டு மணி போல என் மடியிலயே போயிருச்சு. ஒடம்பு சில்லுன்னு ஆயிருச்சு. கண்ண நான்தான் மூடி விட்டேன்.”

சீதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏழு மணிக்கு நீங்க பேசினது கேட்டுச்சு ஐயா. புள்ள பேசினதும் கேட்டுச்சு.”

“ரேடியோவுலயா?” என்றேன்.

“இல்லங்க. மடியில கெடந்தபடியே வாயத் தொறந்துச்சு.”

சின்னக் குரலில், யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல், மிச்சத்தையும் சொன்னார்.

“நாங்க போயிட்டோம்னு சொல்லுச்சு. இல்ல சாமி, இருக்கோம், சொல்லாதன்னு கெஞ்சினேன். ஒரு கையால பட்டன அமுக்கினேன். மத்தக் கையால வாயப் பொத்தினேன். பொத்தின கைக்குள்ள பேசிக்கிட்டேதான் இருந்துச்சு.”