ரோட்டோரம் மட்டும் தண்ணீர்

அப்பாவுக்குச் சொந்தமாக நிலம் வந்தபோது ஐம்பது வயது தாண்டிவிட்டது. அதுவரை ஒரத்தநாட்டுப் பக்கம் மற்றவர்கள் வயலுக்குத்தான் மடை மாற்றிக்கொண்டிருந்தார். ஆகவே சொந்த வயல் மூன்று மாவிலும், அதாவது ஓர் ஏக்கரிலும், கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்பதுதான் அவருக்கு மரியாதை. அந்த மரியாதையில் கை வைத்தவள் நான்.

நான் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. பூமி சூடாவதற்கான காரணங்களை வருடா வருடம் கரும்பலகையில் எழுதுவேன். நிலக்கரி, பெட்ரோல் என்று எழுதிக்கொண்டே வந்து கடைசியில் நெல் வயல் என்றும் எழுத வேண்டியிருக்கும். அந்த இடத்தில் மட்டும் எனக்குச் சுருக்கென்று இருக்கும். எங்கள் சோறு அல்லவா அது!

ஒரு தை மாதம், அறுப்புக்கு ஆள் சொல்லியிருந்த வாரத்தில், கொட்டித் தீர்த்தது மழை. விளைந்த கதிர் சாய்ந்து, தண்ணீரில் கிடந்தே முளைத்துவிட்டது. முன்பெல்லாம் தையில் பனிதான் பெய்யும். அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த சம்பாவுக்கு நான் பேச்சை எடுத்தேன்.

"சேத்துல கால வச்சா குமிழி வருதுல்லப்பா? தண்ணி நின்னுக்கிட்டே இருந்தா மண்ணு அந்த மீத்தேன் வாயுவ விட்டுக்கிட்டே இருக்கும். அதனாலயும் பூமி சூடாவுது. காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சுவோம். வேரும் ஆழமா எறங்கும்."

"ஊரு ஒலகமெல்லாம் புகைய வுடுது. எம் மூணு மாதான் பூமியக் கெடுத்துச்சாம்மா?"

நியாயமான கேள்வி. "கெடுத்தது நாம மட்டும் இல்லப்பா. ஆனா நனைஞ்சது நம்ம நெல்லு" என்றேன். முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

துளை போட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வயலில் புதைத்தேன். அதற்குள் தண்ணீர் மண்மட்டத்துக்கு அரை அடி கீழே போன பிறகுதான் மடை திறக்கலாம் என்பது என் சட்டம். மழை விட்ட நாட்களில் வயலை வடியவிட்டோம். மண்ணில் மயிரிழை மாதிரி வெடிப்பு தெரிந்தது. பக்கத்து வயல்காரர் சைக்கிளை நிறுத்தி, "என்னண்ணே, கிரிக்கெட் கிரவுண்டா போட்டிருக்கீங்க?" என்றார். அப்பா காது கேட்காதவர் போலக் குனிந்து களை பிடுங்கினார்.

நாலு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், ரோட்டை ஒட்டி நாலடி அகலத்துக்கு மட்டும் குட்டி வரப்பு ஒன்று போட்டு, அதற்குள் தண்ணீரைத் தளும்பத் தளும்ப நிறுத்தியிருக்கிறார்! போகிறவர் வருகிறவர் கண்ணுக்குத் தண்ணீர், உள்ளே காய்ந்த மண். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாருக்குப்பா இந்த வேஷம்?"

"அடுத்தவங்க வயல ஒரு நாள் காயவுட்டதில்லம்மா நான். சொந்த வயலக் காயப் போட்டிருக்கான்னு நாலு பேரு சொல்ல மாட்டாங்க?"

அந்த நாலடியை அவருக்கே விட்டுவிட்டேன். பூ வந்தபோது வயல் முழுக்கத் தண்ணீர் கட்டினோம். அந்த நேரம் காய்ந்தால் மணி பிடிக்காது என்பதால் அதுவும் என் சட்டத்தில் இருந்ததுதான்.

அந்தத் தையிலும் மழை வந்தது, காற்றோடு வந்தது. மூன்றாம் நாள் காலை மழை வெறித்ததும் இருவரும் ஓடினோம். ரோட்டோர நாலடிப் பயிர் பாய் விரித்தாற்போலப் படுத்துக் கிடந்தது. குட்டி வரப்புக்கு அந்தப் பக்கம், கதிர் கனத்துத் தலை தொங்கினாலும் தாள் விறைப்பாக நின்றது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அப்பா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். சாய்ந்த பயிரை யாரும் பார்ப்பதற்குள் அறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன், ஊர் வாய்க்கு அவ்வளவு பயந்தவர்.

அதற்குள் பக்கத்து வயல்காரர் வந்துவிட்டார். அவர் வயலில் பாதி படுத்திருந்தது. ரோட்டில் இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி கூப்பிட்டார்.

"வாங்க, எல்லாரும் எறங்கி வந்து பாருங்க. ரோட்டோரம் படுத்துக் கெடக்கு பாருங்க, அது உங்களுக்குப் பயந்து நான் கட்டுன தண்ணி. உள்ள நிக்கிது பாருங்க, அது எம் பொண்ணு வெள்ளாமை."