திருச்செங்கோட்டுச் சாலையில் கட்டிய கயிறு

எங்கள் பெண் குழந்தைக்குத் திருச்செங்கோட்டில் முடியிறக்குவதாக நேர்ந்துகொண்டிருந்தோம். வைகாசித் தேரன்றே அதைச் செய்துவிடலாம் என்றாள் என் மனைவி நல்லம்மாள். சுற்றுவட்டாரத்தில் காலரா தலைகாட்டியிருந்ததால், ஊசி போட்ட சீட்டு இல்லாதவர்களைத் திருவிழாவுக்குள் விடுவதில்லை என்று சர்க்கார் உத்தரவு. எங்கள் செவ்வாய்ப்பேட்டையில் தமுக்கடித்துச் சொன்னார்கள். நாங்கள் மூவரும் போட்டுக்கொண்டோம்.

சேலத்திலிருந்து ஆட்டையாம்பட்டி வழியாகத் திருச்செங்கோடு ஏறக்குறைய முப்பது மைல். பஸ் சார்ஜ் ஆளுக்குப் பன்னிரண்டு அணா. யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு எல்லாம் கரியை எரித்து ஓட்டும் கரி பஸ்தான். மேடு வந்தால் மூச்சு வாங்கும், ஆண்கள் இறங்கி நடக்க வேண்டும். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, வெயில் ஏறும் முன்பே ஆட்டையாம்பட்டி சேர்ந்தோம்.

அங்கே நல்லம்மாளின் அண்ணன் முத்துசாமி ஏறினார். வெண்ணந்தூர்ப் பக்கம் விவசாயம். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஊசி போட்டீங்களா மச்சான்?" என்றேன்.

"அதைப் போட்டா ரெண்டு நாளைக்குக் கையைத் தூக்க முடியாதாம் மாப்ளை. ஏத்தம் யாரு எறைக்கறது?" என்று சிரித்தார். முகம் மட்டும் வெளிறியிருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

திருச்செங்கோட்டுக்கு மூன்று மைல் முன்னால் சாலையின் குறுக்கே கயிறு. அந்தப் பக்கம் நாலைந்து போலீஸ்காரர்கள், ஒரு கீற்றுக்கொட்டகை, அதில் சுகாதார இன்ஸ்பெக்டர். அருகிலிருந்த கிணற்றடியிலும் ஒரு ஆள் காவல் நின்றார். மருந்து கரைத்த தண்ணீர் ஊதா நிறமாகத் தெரிந்தது.

போலீஸ் என்றால் எனக்கு அவ்வளவு பிரியமில்லை. கடைவீதியில் கூடி நின்றவர்களைத் தடியால் அடித்துக் கலைத்ததைக் கண்ணால் பார்த்தவன். அதனால் ஏட்டு வந்து எல்லோரையும் இறங்கச் சொன்னபோது, "சாமி கும்பிடப் போறவங்களையும் விடமாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "கும்பிடுங்க, யாரு வேண்டாம்னா? ஊசி போட்டுட்டுப் போங்க."

மச்சான் என் காதருகில் வந்து, "நான் காட்டு வழியா சுத்திட்டு வாரேன்" என்றார். கள்ளிவேலி ஓரமாக நடந்தவர் பத்தடி போவதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாந்தி எடுத்தார். பின் அப்படியே தரையில் சாய்ந்துவிட்டார்.

ஏட்டுதான் முதலில் ஓடினார். "எங்கீங்க போய்ட்டு வந்தீங்க? மறைக்காதீங்க," என்று குனிந்து கேட்டார்.

"பக்கத்தூர்ல ஒரு எழவுங்க. அந்த ஊட்டுல தண்ணி குடிச்சேன்," என்றார் மச்சான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. "சொன்னா புள்ளையைத் தொட உடமாட்டாங்கன்னு சொல்லலீங்க."

நல்லம்மாள் குழந்தையை இறுக்கிக்கொண்டு அப்படியே நின்றாள். அண்ணனிடம் ஓடவும் முடியாமல் விலகவும் முடியாமல் அவள் நின்ற நிலை இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அடுத்து எல்லாம் வேகமாக நடந்தது. சற்றுத் தள்ளி நோயாளிகளுக்கென்று போட்டிருந்த பெரிய கொட்டகைக்கு மச்சானைத் தூக்கிப் போனார்கள். அங்கிருந்த டாக்டர் கை நரம்பு வழியாக உப்புத் தண்ணீர் ஏற்றினார். எங்கள் பஸ்ஸை யாரும் கிளப்பக் கூடாது என்று ஏட்டு நிறுத்தி வைத்தார். "தேர் போயிரும்" என்று பலர் சத்தம் போட்டார்கள். ஒருவர் அவரைப் பிடித்துத் தள்ளக்கூடச் செய்தார். ஏட்டு அசையவில்லை. பஸ்ஸைச் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். சீட்டு இல்லாதவர்களுக்கு ஊசி போட்டார்கள். மச்சானோடு ஒட்டி உட்கார்ந்திருந்த எங்களை மட்டும் தனிக் கொட்டகையில் தங்கச் சொன்னார்கள்.

தேரோட்டத்து வெடிச் சத்தம் தூரத்தில் கேட்டது. நாங்கள் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு முறை அது சிணுங்கும்போதும் நல்லம்மாள் அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் மச்சான் கண் திறந்து தண்ணீர் கேட்டார். குழந்தைக்கும் எங்களுக்கும் ஒன்றும் வரவில்லை. ஐந்தாறு நாள் வைத்திருந்து எங்களை விடுவித்த அன்று ஏட்டைத் தேடிப் போய்க் கும்பிட்டேன்.

"எங்கூர்ல காலரா வந்தன்னைக்கு இந்தக் கயிறு கட்ட ஆளில்லீங்க," என்றார். வந்து நின்ற மாட்டுவண்டியை நோக்கிப் போய்விட்டார்.

கடைவீதியில் பார்த்ததை நான் மறந்துவிடவில்லை. ஆனால் அந்தக் கயிறு இல்லாவிட்டால் மச்சான் கூட்டத்துக்கு நடுவில் விழுந்திருப்பார். எத்தனை வீடுகளுக்கு அந்த நோய் போயிருக்குமோ. அந்த ஏட்டுக்கும் பெயர் தெரியாத டாக்டருக்கும் நாங்கள் என்றைக்கும் கடமைப்பட்டவர்கள்.

திருவிழாவுக்குப் போகிறவர்கள் ஊசியைக் கடைசி நாள்வரை தள்ளிப்போடாதீர்கள், ஒரு வாரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சிய தண்ணீரைக் கூஜாவில் எடுத்துப் போங்கள், வழிக் கிணற்றை நம்பாதீர்கள். நோய் கண்ட வீட்டுக்குப் போய் வந்திருந்தால், வெட்கப்படாமல் முதலில் சொல்லிவிடுங்கள். குழந்தைக்கு நாங்கள் ஆடியில் ஒரு சாதாரண நாளில் போய் முடியிறக்கினோம். கூட்டமே இல்லை. மச்சான் மடியில் உட்கார்ந்து குழந்தை சிரித்துக்கொண்டே மொட்டை போட்டுக்கொண்டது.